காலை இட்லியும் தனுஷ்கோடிப் புயலும்

கேள்வி இதுதான்: “என் அப்பாவுக்கு 78 வயது. காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டதை ஒன்பது மணிக்கு மறந்துவிட்டு, ‘இன்னும் யாரும் எனக்குச் சாப்பாடு வைக்கவில்லை’ என்கிறார். ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன இரவில், ராமநாதபுரத்தில் பள்ளி மாணவராக இருந்த தாம் யார் வீட்டில் ஒண்டியிருந்தோம் என்பதுவரை பிசகாமல் சொல்கிறார். மூளையில் நினைவு எப்படிப் பதிகிறது, எப்படித் திரும்ப வருகிறது, எப்படித் தொலைகிறது? அவர் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறாரோ என்று வீட்டில் சிலர் சந்தேகப்படுகிறார்கள்.”

கடைசியில் உள்ளதற்கே முதலில் பதில் சொல்கிறேன்; ஒரு முதியவரைச் சொந்த வீட்டிலேயே நடிப்பவராகப் பார்ப்பது மறதியைவிட அவரை அதிகம் நோகடிக்கும். உங்கள் அப்பா நடிக்கவில்லை. புயலை நினைவுகூர்வதற்கும் காலை இட்லியை நினைவுகூர்வதற்கும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் நலமாக இருக்க வேண்டும். ஒன்று பழுதாகி மற்றொன்று நன்றாக இருப்பது மிகவும் சாதாரணமாகக் காணப்படும் நிலை. அது ஏன் என்று விளக்கினால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அதிலேயே விடை வந்துவிடும். முப்பது ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்தவன் நான். இந்தப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் ஒரே ஒரு மனிதரின் கதையிலிருந்துதான் தொடங்குவேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலெய்சனுக்கு இளமையிலேயே கடுமையான வலிப்பு நோய் இருந்தது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத அந்த வலிப்பை நிறுத்துவதற்காக 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இருபுறமும், காதுக்கு அருகே உள்ள பொட்டு மடல் என்ற பகுதியின் உட்பகுதியை அகற்றினார். அகற்றப்பட்டவற்றுள் முதன்மையானது ஹிப்போகாம்பஸ். கடற்குதிரையைப் போல வளைந்திருப்பதால் அதற்கு அந்தப் பெயர். வலிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பின் நடந்த நிகழ்ச்சி எதையும் அவரால் மனத்தில் தங்கவைத்துக்கொள்ள முடியவில்லை. மருத்துவர் அறையை விட்டு வெளியே போய்ச் சில நிமிடங்களில் திரும்பி வந்தால் புதிதாக அறிமுகமாவதுபோல வணக்கம் சொல்வார். அதே வேளையில் அறிவுத்திறன் சோதனையில் அவருடைய மதிப்பெண் குறையவில்லை. அறுவைக்கு முன் 104 ஆக இருந்தது, பின்பு 112 ஆனது. பேச்சு, பண்பு, நகைச்சுவை, சிறுவயதில் வாழ்ந்த வீடு எல்லாம் அப்படியே இருந்தன.

மாண்ட்ரியலிலிருந்து வந்து அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மொலெய்சன் அந்த எண்ணை விடாமல் மனத்துக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார்: ஐந்து, எட்டு, நான்கு, கூட்டினால் 17, எட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 17-இல் கழித்தால் ஒன்பது, ஒன்பதைப் பிரித்தால் ஐந்தும் நான்கும், ஆக 584. இப்படிக் கால் மணி நேரம்கூட அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. பேச்சு வேறு பக்கம் திரும்பிய அடுத்த நிமிடமே எண் மறைந்தது. அப்படி ஓர் எண் கொடுக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே மறைந்தது. இந்தக் காட்சியில் நமக்கு வேண்டிய முதல் உண்மை இருக்கிறது. இந்தக் கணத்தில் ஒன்றைக் கையில் ஏந்தி வைத்திருப்பது வேறு, அதை நாளைக்காக எடுத்து வைப்பது வேறு. ஏந்தும் வேலைக்கு ஹிப்போகாம்பஸ் தேவையில்லை, எடுத்துவைக்கும் வேலைக்கு அது இல்லாமல் முடியாது. உங்கள் அப்பா இட்லி சாப்பிடும்போது “சட்னி கொஞ்சம் காரம்” என்று சரியாகவே சொல்லியிருப்பார். சாப்பிட்டது அவருக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தது எடுத்துவைக்கப்படவில்லை.

இரண்டாவது உண்மையும் மொலெய்சனிடமிருந்தே கிடைத்தது. கையை நேராகப் பார்க்க முடியாதபடி மறைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். யாருக்கும் முதலில் கை எதிர்த்திசையில்தான் போகும். மூன்று நாள்களில் 30 முறை செய்த பயிற்சியில் மொலெய்சன் அதை நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பயிற்சியைத் தாம் முதன்முறையாகச் செய்வதாகவே எண்ணினார். கை கற்றுக்கொள்வதும் ‘நான் கற்றுக்கொண்டேன்’ என்று அறிவதும் மூளையில் தனித்தனி வழிகளில் நடக்கின்றன. கைப்பழக்கம் சிறுமூளையையும் பெருமூளையின் அடியாழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளையும் சார்ந்தது.

இதைப் பாடமாக எத்தனையோ முறை சொல்லியிருந்தும், என் அம்மாவின் கடைசி ஆண்டுகளில்தான் எனக்கு உள்ளபடி புரிந்தது. என் பெயரையே சில நாள்களில் மறந்துவிடுவார். அவர் முன்னால் ஒரு தட்டில் மல்லிகை மொட்டுகளையும் நனைத்த வாழைநாரையும் வைத்தால், எதுவும் கேட்காமல் நாரை இடக்கையில் பிடித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கமும் இரண்டு மொட்டு அந்தப் பக்கமுமாகக் காம்போடு காம்பு சேர வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துவிடுவார். முடிச்சு ஒன்றுகூட நழுவாது. ஒரு முழம் கட்டி முடித்ததும் அதைத் தூக்கிப் பார்த்து, “நெருக்கமா கட்டியிருக்கு, யார் கட்டினது?” என்று கேட்பார்.

இனிப் பதிதல் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்பதற்கு வருகிறேன். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், உள்ளன. ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் நுண்ணிய இடைவெளிச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். ஒரு முகமோ ஒரு மணமோ தனியாக ஒரு நியூரானுக்குள் வைக்கப்படுவதில்லை. சேர்ந்து இயங்கிய நியூரான்களுக்கு இடையே உள்ள சினாப்ஸ்கள் வலுப்பெறுவதே பதிதல். சேர்ந்து இயங்கும் நியூரான்களின் பிணைப்பு வலுக்கும் என்று டொனால்டு ஹெப் 1949-இல் எழுதியபோது அது ஊகமாகவே இருந்தது. 1973-இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இருவரும் ஆஸ்லோவில் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். முயலின் ஹிப்போகாம்பஸுக்குச் செல்லும் நரம்பு வழியைச் சிறிது நேரம் வேகமாகத் தூண்டிவிட்டபின், அந்த வழியின் சினாப்ஸ்கள் பல மணி நேரத்துக்கு வலுவாகவே இருந்ததை அவர்கள் காட்டினார்கள். அந்தச் சினாப்ஸில் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்ற மூலக்கூறுகளில் ஒன்று இரட்டைப் பூட்டுப் போட்ட கதவைப் போன்றது. அனுப்பும் நியூரான் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வேண்டும், வாங்கும் நியூரானும் அதே வேளையில் கிளர்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் கதவை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகிக் கால்சியம் உள்ளே பாயும். அந்தக் கால்சியம்தான் ‘இந்தப் பிணைப்பை வலுப்படுத்து’ என்ற கட்டளை. இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தன என்பதை ஒரு மூலக்கூறு கண்டுகொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

இப்படி வலுப்பெற்றது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு விடை, கடல் முயல் என்று அழைக்கப்படும் ஏப்ளிசியா என்ற கடல் உயிரியிடம் கிடைத்தது. அதன் நரம்பு மண்டலத்தில் சுமார் 20,000 நியூரான்களே உண்டு, அவையும் பெரியவை என்பதால் எரிக் காண்டல் அதைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆய்வுகளுக்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தால் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் சற்று மாறுகின்றன, நினைவு சில நிமிடங்களில் கரைகிறது. இடைவெளி விட்டுவிட்டுப் பலமுறை கொடுத்தால் செய்தி செல்லின் உட்கருவரை போய், மரபணுக்கள் விழித்து, புதிய புரதங்கள் உருவாகி, புதிய சினாப்ஸ்களே முளைக்கின்றன. அந்த நினைவு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கிறது. நீண்டகால நினைவு என்பது மூளையின் உடலமைப்பிலேயே ஏற்படும் மாற்றம். கட்டுமான வேலை என்பதால் அதற்குப் பொருளும் காலமும் தேவை, அது பாதியில் நின்றுபோகவும் கூடும்.

அந்த வேலையில் ஒரு முக்கியப் பகுதி தூக்கத்தில் நடக்கிறது. ஓர் எலி விழித்திருந்து ஓடியபோது அதன் ஹிப்போகாம்பஸில் எந்தெந்த நியூரான்கள் சேர்ந்து இயங்கினவோ அவையே பின்னர் அது தூங்கும்போதும் சேர்ந்து இயங்குவதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994-இல் பதிவுசெய்தார்கள். பகலில் நடந்ததை ஹிப்போகாம்பஸ் இரவில் மீண்டும் மீண்டும் ஓட்டிக் காட்ட, பெருமூளையின் மேற்பரப்பான புறணி அதைச் சிறிது சிறிதாகத் தனக்குள் பின்னிக்கொள்கிறது என்பதே இதிலிருந்து வளர்ந்த விளக்கம். காட்சி, குரல், மணம் எனப் புறணியின் பல பகுதிகளில் சிதறிக் கிடப்பவற்றைத் தொடக்கத்தில் ஹிப்போகாம்பஸ்தான் இணைத்துப் பிடித்திருக்கிறது. மாதங்களும் ஆண்டுகளும் போகப்போக அவை தமக்குள்ளேயே பிணைந்துகொள்ள, அதன் உதவி குறைவாகவே தேவைப்படுகிறது. முற்றிலும் தேவையற்றுப் போகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தினர் அல்லர். மொலெய்சன் தம் இளமையைப் பற்றிச் சொன்னவற்றில் சாரம் இருந்ததே தவிர ஒரு குறிப்பிட்ட நாளின் காட்சி நுணுக்கம் அரிதாகவே இருந்தது என்பதால், நுணுக்கத்துக்கு என்றுமே ஹிப்போகாம்பஸ் வேண்டும் என்று கருதுவோர் உண்டு. எனக்கும் அந்தப் பக்கமே நியாயமாகத் தோன்றுகிறது.

இப்போது உங்கள் அப்பாவின் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற ரயிலைக் கடல் விழுங்கியது; ஊரே அழிந்தது. அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள், ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அமிக்டலா என்ற பாதாம் வடிவப் பகுதியின் வழியாக, அந்த வேளையின் பதிவை ஆழமாக்குகின்றன. 17 வயதுப் பையன் அந்த இரவை மறக்காததற்கு அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதன்பின் அறுபது ஆண்டுகளாக அவர் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார் என்பது. நினைவுகூர்வதே நினைவை வலுப்படுத்தும். 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் வெளியிட்ட சோதனையில், ஒரு பாடப்பகுதியை நான்கு தடவை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 40 சதவீதத்தையே நினைவுகூர்ந்தார்கள். ஒரே தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் சொல்லிப் பார்த்தவர்களோ 61 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். உங்கள் அப்பா தம் புயலை அறுபது ஆண்டுகளாகப் பார்க்காமல் ஒப்பித்துவருகிறார்.

ஆனால் இதே இடத்தில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அவர் “பிசகாமல்” சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தடங்கலில்லாமல் சொல்கிறார் என்பதே நம்மால் உறுதியாகக் கூறக்கூடியது. நினைவுகூரும்போது மூளை ஒரு ஒலிநாடாவை எடுத்து ஓடவிடுவதில்லை. ஒரு குறிப்பு, அது ஒரு மணமாகவோ ஒரு சொல்லாகவோ இருக்கலாம், பழைய பிணைப்பின் ஒரு நுனியைத் தொடுகிறது. ஹிப்போகாம்பஸ் அதைப் பிடித்துக்கொண்டு எஞ்சிய பகுதிகளை எழுப்புகிறது. எழாத இடங்களைப் பொது அறிவும் பிறகு கேட்டறிந்தவையும் நிரப்புகின்றன. நிரப்பியது எது, எழுந்தது எது என்று உள்ளிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார்கள். முக்கிய விவரங்கள் அனைத்தையும் முன்பு எழுதியபடியே சொன்னவர்கள் மூவர். எதையுமே பொருந்தச் சொல்லாதவர்கள் 11 பேர். தவறாகச் சொன்னவர்களிலும் பலர் முழு உறுதியோடு சொன்னார்கள், தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

எழுப்பப்பட்ட நினைவு மறுபடி இறுகும்வரை இளகியே இருக்கிறது என்பது இதற்கு உயிரியல் வழியில் கிடைத்த சான்று. ஒரு ஒலியைக் கேட்டால் அதிர்ச்சி வரும் என்று கற்றிருந்த எலிகளுக்கு அந்த ஒலியை ஒருமுறை கேட்கச் செய்து, உடனே அமிக்டலாவில் புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்தைக் கரீம் நாடரும் உடனாய்வாளர்களும் செலுத்தினார்கள். 2000-இல் வெளியான அந்த முடிவின்படி மறுநாள் எலிகளிடம் அந்த அச்சம் பெருமளவு காணப்படவில்லை. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் செலுத்திய எலிகளிடம் அச்சம் அப்படியே இருந்தது. பழையதானாலும், ஒரு நினைவு ஒவ்வொரு முறை எடுக்கப்படும்போதும் திரும்ப வைக்கப்பட வேண்டும். வைக்கும்போது அன்றைய மனநிலையும் அன்றைய சொற்களும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் அப்பா சொல்லும் புயலில் 1964-உம் இருக்கும், பிறகு அவர் நாளிதழ்களில் படித்ததும் இருக்கும். அது பொய் ஆகிவிடாது. எல்லோருடைய நினைவும் அப்படித்தான் வாழ்கிறது.

தொலைதலுக்கு வருவோம். அன்றாட மறதி நோயல்ல. ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து 1885-இல் வெளியிட்ட அளவீடுகளில், மறதி முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி நடந்துவிடுகிறது, பிறகு மிக மெதுவாகவே தொடர்கிறது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது. ஒன்றுபோலவே இருக்கும் ஆயிரம் காலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் தனித்து எடுக்க முடிவதில்லை. இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில், சாப்பிட்டது என்ற நிகழ்வே இல்லாமற்போவதுதான் கவனிக்க வேண்டியது.

நோயால் நினைவு போகும்போது புதியது முன்னும் பழையது பின்னுமாகப் போகும் என்பதை தியோடூல் ரிபோ 1881-இலேயே விதியாக எழுதினார். அல்சைமர் நோய் அந்த விதியைப் பின்பற்றுவதற்குக் காரணம் அது தொடங்கும் இடம். 1906-இல் அலோயிஸ் அல்சைமர் தம் நோயாளி ஒருவரின் மூளையில் கண்டு விவரித்த நரம்பிழைச் சிக்கல்கள் (நியூரான்களுக்குள் முறுக்கிக்கொண்டு தேங்கும் புரத இழைகள்), பெரும்பாலும் ஹிப்போகாம்பஸின் வாசலாக உள்ள புறணிப் பகுதியிலேயே முதலில் தோன்றி, பிறகு ஹிப்போகாம்பஸுக்குள் பரவி, பல ஆண்டுகள் கழித்தே மற்றப் புறணிக்குப் போகின்றன. வாசல் அடைபட்டால் இட்லி உள்ளே நுழையாது. புறணியெங்கும் அறுபது ஆண்டுகளாகப் பின்னப்பட்ட புயலுக்கு உடனே ஆபத்தில்லை. நோய்த் தொடக்கத்தில் சில நினைவுகள் அழியாமல் இருந்தும் எட்டாமல் போகக்கூடும் என்பதற்கு எலிகளில் சான்று உண்டு. அல்சைமர் நோயின் மரபணு மாற்றங்கள் கொண்ட எலிகள் மறந்துவிட்டதாகத் தோன்றிய ஒன்றை, அதைப் பதிந்த நியூரான்களை மட்டும் ஒளியால் தூண்டித் திரும்ப வரவழைத்துக் காட்டினார்கள் சுசுமு டோனெகாவாவின் குழுவினர், 2016-இல். மனிதருக்கு இது இன்னும் மருத்துவம் ஆகவில்லை, ஆனால் நம்பிக்கையோடு பார்க்கத்தக்க வழி.

இவ்வளவும் சொன்னதால் உங்கள் அப்பாவுக்கு அல்சைமர்தான் என்று நான் கூறுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் போன்ற மறதியைத் தரக்கூடிய, சரிசெய்யவும் கூடிய காரணங்கள் பல உண்டு: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், காது சரியாகக் கேளாமை, விழுந்ததில் தலைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம். சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம் என்பதால் அதைக் குறிப்பாகக் கேட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். வயசானா இப்படித்தான் என்று விட்டுவிட்டு, மருந்தால் தீர்ந்திருக்கக்கூடியதைத் தீராமற்செய்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; இதில் காலதாமதம் வேண்டாம், நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அங்கே ஒரு சோதனை செய்வார்கள், அதன் பொருளை அறிந்துகொண்டு போவது நல்லது. சில சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துக் கேட்பார்கள். வராவிட்டால் “அதில் ஒன்று ஒரு பழம்” என்பதுபோலக் குறிப்புக் கொடுப்பார்கள். குறிப்புக் கொடுத்ததும் வந்துவிட்டால், சொல் உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் தொல்லை. முதுமையிலும் மனச்சோர்விலும் பெரும்பாலும் இப்படி இருக்கும். குறிப்புக் கொடுத்தும் வராமல், அப்படிச் சொற்கள் சொல்லப்பட்டதே நினைவில்லை என்றால் பதிதலே பழுதுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வேறுபாடு வீட்டிலும் உதவும். “காலையில் என்ன சாப்பிட்டீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று அவரைச் சோதிக்காதீர்கள். உள்ளே நுழையாத ஒன்றை எவராலும் எடுத்துத் தர முடியாது, அவருக்கு மிஞ்சுவது அவமானம் மட்டும். சாப்பிட்ட தட்டைக் கொஞ்ச நேரம் அவர் கண்ணில் படும்படி வைத்திருங்கள். நேரத்தையும் உணவையும் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மறுபடியும் சாப்பாடு கேட்டால் வாதாடாமல் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் மோரோ கொடுத்து, அந்தப் புயல் இரவில் ஒண்டியிருந்த வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் அப்பா என்று கேளுங்கள்.